ஆவணியில் பார்த்து வாங்கிய வீடு

எங்கள் அக்கா திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வீடு வாங்கியது ஓர் ஆவணி மாதத்தில். கச்சான் காற்று அடித்து ஓய்கிற நேரம். வளவு மணல் காய்ந்து பொரிந்து கிடந்தது. சுவர்களில் புதுப் பெயின்ற், விறாந்தையில் பளபளக்கும் மாபிள், வாசலில் இரண்டு செவ்விளநீர்த் தென்னைகள். நாங்கள் ஐந்து பேர் போய்ப் பார்த்தோம். அத்தான் வளவை ஒருமுறை சுற்றி வந்தார். அம்மா குசினி எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்தா. நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினேன். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் சாமி அறைச் சுவரின் அடியில் பெயின்ற் கொப்புளித்தது. ஐந்தாம் நாள் ரொய்லெற்றில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்தது. தை பிறப்பதற்குள் நடு அறைச் சீலிங்கில் தேயிலைச் சாயம் போல ஒரு வட்டம் விழுந்து, கிழமைக்குக் கிழமை பெருத்தது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: "பிள்ளை, நீங்கள் மாரிக்கு வந்து பார்த்திருக்கோணும். இந்த வளவுக்குள்ள ஒவ்வொரு வருசமும் தண்ணி நிக்கும்." அவவிடம் நாங்கள் அதற்கு முதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அவசரப்பட்டு வாங்கினோம் என்று சொல்ல முடியாது. காணி உறுதிப் பத்திரத்தைச் சரிபார்க்க மட்டும் மூன்று மாதம் போனது. சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைப் புரட்டினார். நில அளவையாளர் சங்கிலி பிடித்து எல்லை காட்டினார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து படம் எடுத்துப் போனார். எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் வீட்டைப் பார்ப்பது அவர்களில் ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் எடுத்தது.

காணி வாங்கும் முறை நம்மிடம் காகிதத்தைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும்; நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் பார்த்திருக்க ஒப்பமிட வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் அந்த உறுதியைப் பதியும் முறையைச் சொல்கிறது. எல்லைக்கு வரைபடம், தெருக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. இந்த ஊரில் அதற்குக் காரணமும் இருக்கிறது. 1985, 1990 என்று திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது சொந்த வளவில் வேறு ஆட்கள் குடியிருக்கக் கண்ட குடும்பங்கள் எத்தனையோ. உறுதி தொலைந்தவர்கள், அரச அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணி என்று நம்பி ஏமாந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பிறர் காணியில் நெடுங்காலம் இருந்தவர் அதைத் தனதென்று கோரும் ஆட்சியுரிமைக் கணக்கில் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைச் சேர்க்கக்கூடாது என்று 2016 இல் தனிச் சட்டமே வந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஆட்கள் முதலில் உறுதியைப் பார்ப்பதில் பிழையில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் பிழை.

வங்கி மதிப்பீட்டாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வந்து பார்த்ததையே வீட்டுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "வங்கியே கடன் குடுத்திட்டுது, பிறகென்ன?" என்று அத்தானும் கேட்டார். வங்கிக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் கடன் கட்டாவிட்டால் அந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பது. நிலாவெளி வீதிக்குக் கிட்ட உள்ள காணிக்கு அதன் மேலுள்ள கூரை ஒழுகினாலும் விலை இருக்கும். அதனால் மதிப்பீட்டு அறிக்கையில் சதுர அடியும் பேர்ச்சும் இருக்கும், சீலிங்குக்கு மேலே என்ன நடக்கிறது என்பது இருக்காது.

கனடாவில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் முதலில் கேட்டது, "ஹோம் இன்ஸ்பெக்ஷன் செய்தனீங்களோ?" என்று. அங்கே வாங்குபவர் கூலி கொடுத்து ஒரு பரிசோதகரைக் கூட்டிவருவார். அவர் சில மணி நேரம் கூரை, மின்சாரம், குழாய், அத்திவாரம் எல்லாம் பார்த்துப் படங்களோடு அறிக்கை கொடுப்பார். அமெரிக்காவில் இந்தத் தொழிலாளர்களின் சங்கம் 1976 இலேயே தொடங்கிவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2009 இல் இவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. 2023 தொடக்கத்திலிருந்து, ஒப்பந்தம் ஏற்கப்பட்ட பிறகும் மூன்று வேலை நாளுக்குள் ஒரு சிறு கட்டணத்தோடு விலகிக்கொள்ளும் உரிமையையும் வாங்குபவருக்குக் கொடுத்திருக்கிறது.

அங்கேயும் எல்லாம் சுகம் என்றில்லை. பரிசோதகர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்ப்பார், சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். ஏதாவது தவறினால் தான் வாங்கிய கூலிக்கு மேல் பொறுப்பில்லை என்று பலர் ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். விற்பனைத் தரகர் சிபாரிசு செய்த பரிசோதகர் என்றால், அடுத்த வேலையும் அதே தரகரிடமிருந்து வர வேண்டும் என்ற எண்ணம் அவர் பேனாவை மெதுவாக்கும். ஆனாலும் வீட்டைப் பார்ப்பதற்கென்று ஒரு ஆள், அதற்கென்று ஒரு நாள், அதற்கென்று ஒரு தாள் அங்கே இருக்கிறது. நம்மிடம் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அதை வாங்குபவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சரி, திருகோணமலை வீடுகளில் எவை மறைந்திருக்கின்றன?

முதலாவது உப்பு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. கொங்கிரீற்றுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சீமெந்தின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் உள்ள குளோரைட் உள்ளே போய்ச் சேர்ந்தால் அந்தப் படலம் உடைந்துபோகும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடமில்லாமல் உள்ளிருந்து தள்ளும்போது கொங்கிரீற் வெடித்துக் கழன்று விழுகிறது. கடற்கரையோரப் பழைய வீடுகளின் பலகணித் தட்டு, தண்ணீர்த் தொட்டித் தாங்கி, ஜன்னல் மேலுள்ள லின்ரல் இவற்றில் கம்பி எலும்பு போல வெளியே தெரிவதை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நடந்து போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

உப்பு மூன்று வழியால் வருகிறது. காற்றோடு வருவது ஒன்று. கட்டும்போதே கலந்துவிடுவது இன்னொன்று: கழுவாத கடல்மணல், சவர்த்தண்ணீர்க் கிணற்றிலிருந்து அள்ளிக் குழைத்த சாந்து. நல்ல ஆற்றுமணல் மகாவலி கடலோடு சேரும் கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து லொறியில் வர வேண்டும், அதற்குக் காசு வேண்டும். காலடியில் மணல் சும்மா கிடக்கும்போது மேசன் பாஸ் இரண்டு வாளி அதையும் சேர்த்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்றாவது வழியைப் பலர் நினைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்த வீடுகள் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரை முழுவதும் இருக்கின்றன. இடிந்தவை இடிந்தன. நின்றவை கழுவித் துடைத்துப் பெயின்ற் அடிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. கடல் நீரில் ஊறிய அத்திவாரத்திலும் தூண்களின் அடியிலும் அந்த உப்பு இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பழைய வீடு என்றால் சுனாமிக்கு முந்தியதா என்று கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்றும் கேளுங்கள். அந்த உயரத்தை அந்தத் தெரு மறந்திருக்காது.

உப்பைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. நான் இப்போது வீடு பார்க்கப் போகிறவர்களோடு சேர்ந்து போகும்போது, உள்ளூராட்சி சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் சட்டைப்பையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். கூரைத்தட்டின் அடியையும் தூணையும் அடிக்கொரு முறை தட்டிக்கொண்டே போவார். நல்ல கொங்கிரீற் 'ணங்' என்று பதில் சொல்லும். உள்ளே கழன்றது 'பொத்' என்று பொள்ளலாகக் கேட்கும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக வெடிப்பு இருந்தால், அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் கறை இருந்தால், அதற்கு மேல் சோதனை வேண்டாம் என்பார். அதை வெறும் சாந்து பூசி மூடுவது புண்ணுக்கு மேல் துணி சுற்றுவது மாதிரி. கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி வைத்துத் திருத்த வேண்டும். செலவு பெரியது. விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டிய செலவு.

சுவரின் அடியில் வெள்ளைத் தூளாக உப்புப் பூப்பது வேறு கதை. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படை போடாத வீடுகளில், நிலத்தின் ஈரம் சீமெந்துக் கல்லுக்குள்ளால் மேலே ஏறி, காயும்போது உப்பைச் சுவரில் விட்டுவிட்டுப் போகும். ஆவணியில் இது தெரியாது. தெரிந்தாலும் புதுப் பெயின்ற் மூடிவிடும். அக்கா வீட்டில் இரண்டு அறைகளில் மட்டும் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ரைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று நாங்கள் நினைத்தோம். குளியலறையும் குசினியும் இல்லாத அறைக்கு எதற்குச் சுவர் ரைல்ஸ் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது, தண்ணீர் நிற்கும் இடம். திருகோணமலையில் வருட மழையில் பாதிக்குக் கிட்ட நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்தில் கொட்டிவிடும். ஆனியிலும் ஆடியிலும் வீடு பார்க்கிறவர், அந்த வீட்டின் பாதி வாழ்க்கையைப் பார்க்கவில்லை. ஊர்ப் பெயர்களே சில இடங்களில் சொல்லிவிடும். உப்புவெளி, மட்டிக்களி, பள்ளத்தோட்டம் என்று பெயர் வைத்தவர்கள் காணி விற்கும் நோக்கத்தில் வைக்கவில்லை. பெயரை வைத்து ஒரு வளவைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, பள்ளத்தோட்டத்திலும் மேடான காணி இருக்கும். ஆனால் கேள்வி கேட்க அது ஒரு நல்ல தொடக்கம்.

வளவுக்குள் போகும் முன் தெருவில் நின்று பார்க்க வேண்டும். காபட் றோட் போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்பு தெருவைவிட இரண்டு படி உயரமாகக் கட்டிய வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம் என்றால், மழைத்தண்ணீரும் அதே படியால் இறங்கும். பக்கத்து வீடுகளின் அத்திவாரம் எவ்வளவு உயரம், மின்மானியை ஏன் அவ்வளவு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள், மதிலில் பாசிக்கோடு எந்த மட்டத்தில் நிற்கிறது, வாசற்படியில் ஏன் புதிதாக ஒரு கட்டு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அயலவரே பேசாமல் பதில் சொல்லிவிடுவார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அந்தக் கிழமை இந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டால் சரியாக விரல் காட்டக்கூடிய ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு.

ரொய்லெற் குழியும் இதோடு சேர்ந்தது. மணல் நிலத்தில் கோடையில் குழித்தண்ணீர் சுகமாக வடிந்துவிடும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியின் மட்டத்தைத் தொட்டால் வடிய இடமில்லை, திரும்பி வீட்டுக்குள் பார்க்கும். ஒரு சின்னக் கேள்வி போதும்: மலக்குழி உறிஞ்சும் பவுசர் இந்த வீட்டுக்கு வருடத்தில் எத்தனை தரம் வருகிறது? விற்பவரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். அந்தப் பவுசர் வந்து போனால் தெருவுக்கே தெரியும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடியாவது வேண்டும் என்று சொல்வார்கள். ஆறு, எட்டுப் பேர்ச் துண்டுகளாகப் பிரித்த காணிகளில் உங்கள் குழி தூரத்தில் இருந்தாலும், பக்கத்து வளவின் குழி உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் மதிலுக்கு அப்பால் இருக்கலாம். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

கிணற்றைப் பொறுத்தவரை கணக்கு மறுபக்கம். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் அடியில் போகும்போது குடித்துப் பார்த்தால் சவர் தெரியும். அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டை இரண்டு காலத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது, கிணற்றுக்குக் கோடை, கூரைக்கும் குழிக்கும் மாரி. அவ்வளவு காலம் காத்திருக்க எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் ஒரு காலத்தை நேரில் பார்க்கட்டும், மற்றக் காலத்தை அயலவர் வாயால் கேட்கட்டும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த்தண்ணீர் இருக்கிறதே என்று கிணற்றை விட்டுவிடவும் வேண்டாம், தோட்டமும் குளிப்பும் கிணற்றை நம்பித்தான் இருக்கும்.

மூன்றாவதைப் பற்றி எழுதக் கொஞ்சம் மனம் கனக்கிறது. சண்டைக்காலத்தில் கூரை போன வீடுகள் பல பத்து, பதினைந்து வருடம் வானம் பார்த்து நின்றன. சுவருக்குள் ஆலும் அரசும் வேர்விட்டன. தீராந்திகள் மழையில் ஊறிக் காய்ந்தன. 2002 க்குப் பிறகும் 2009 க்குப் பிறகும் ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் கையிலிருந்த காசுக்கு ஏற்றபடி அவற்றைத் திருத்திக் குடியேறின. அவர்கள் ஏமாற்றுவதற்காகப் பூசவில்லை, பிள்ளைகளைப் படுக்க வைக்க ஓர் இடம் வேண்டுமென்று பூசினார்கள். அந்த வீடு இப்போது மூன்றாவது கைக்கு விற்பனைக்கு வரும்போது, பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். துவக்குக் குண்டு பட்ட ஓட்டைகள் பெரிய விஷயமில்லை. ஷெல் அதிர்ச்சியில் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய வெடிப்பு, உள்ளே செத்துப்போன வேர் விட்ட பொந்து, இவைதான் பிறகு கதவுநிலையைக் கோணலாக்குபவை.

வெடிப்பைப் படிப்பதற்கு ஐயா சொல்லித் தந்த முறை எளிது. பூச்சில் மயிர்க்கோடு போலச் சிலந்திவலையாகப் பரவியிருப்பது பயமில்லாதது, சாந்து காய்ந்தபோது வந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, சீமெந்துக் கல் வரிசையில் படி படியாக இறங்குவது, சுவரின் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் தெரிவது, இவை அத்திவாரம் அசைந்த அடையாளம். வங்கி அட்டையின் விளிம்பு உள்ளே போனால் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அப்புறம் ஒரு போளையை நிலத்தில் விட்டுப் பார்ப்பார். எல்லா அறையிலும் அது ஒரே சுவரை நோக்கி ஓடினால் அந்தப் பக்கம் நிலம் தாழ்கிறது. களப்போரத்தைக் கிரவல் கொட்டி நிரப்பிக் கட்டிய இடங்களில் இது நடக்கும்.

மேல்மாடி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சண்டை முடிந்து சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒற்றைத் தட்டு வீடுகளுக்கு மேலே அறைகள் முளைத்தன. அத்திவாரம் ஒரு தட்டுக்குப் போட்டது, சுமப்பது இரண்டு. இங்கேதான் காகிதம் உண்மையிலேயே உதவுகிறது. சபை அங்கீகரித்த கட்டட வரைபடத்தையும், அதன்படியே கட்டி முடிந்தது என்று சபை கொடுக்கும் சீ.ஓ.சீ. சான்றிதழையும் கேட்டு வாங்கி, கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். வரைபடத்தில் இல்லாத அறை, இல்லாத படிக்கட்டு, இல்லாத தட்டு எது என்று எண்ணுங்கள். கடற்கரைக்குக் கிட்ட என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் என்று முதலில் அறிவித்து, பிறகு தளர்த்தினார்கள். அந்த இடைக்காலக் குழப்பத்தில் கட்டியவையும் விற்பனைக்கு வருகின்றன.

கூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி, ஏணி வைத்து, ரோர்ச் அடித்துப் பாருங்கள். கறையான் மண்கோடு, கறுத்த சிலாகை, பீலி சுவரோடு சேரும் மூலையில் ஈரம். புது பிளாஸ்ரிக் சீலிங் போட்ட வீடு என்றால் கட்டாயம் பாருங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் நீங்களே உடைத்துக் கழற்றாதீர்கள், அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கூடாது. மின்சாரத்துக்கு, ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அமத்தினால் உடனே விழ வேண்டும், ஏர்த் கம்பி நிலத்துக்குள் போகும் இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் அந்த இணைப்பு அரித்துப்போவது சாதாரணம்.

இனிச் சட்டம். போர்த்துக்கேயர் 1624 இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டினார்கள், அது இன்றைக்கும் கோணேசர் மலையடியில் நிற்கிறது. அவர்கள் விட்டுப்போன இன்னொன்று உரோம டச்சுச் சட்டம். 1799 பிரகடனத்தால் ஆங்கிலேயர் அதைத் தொடர வைத்தார்கள். அசையும் பொருட்களின் விற்பனைக்கு 1896 இல் தனிச் சட்டம் வந்தாலும், காணி, வீட்டு விற்பனையில் பழைய உரோம டச்சு விதிகள்தான் பின்னால் நிற்கின்றன. பழைய உரோமில் அடிமைகளும் மாடுகளும் விற்கும் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள், விற்பவன் நோயை மறைக்கக் கூடாது என்று போட்ட கட்டளையிலிருந்து வளர்ந்தவை அவை.

அந்த விதியின் சாரம் இது. வாங்கும் நேரத்திலேயே இருந்து, சாதாரணமாகப் பார்க்கிற ஒருவருக்குத் தெரியாமல், வீட்டின் பயனைக் கெடுக்கும் குறை மறைகுறை. அதற்கு விற்பவர் பொறுப்பு, தனக்கே தெரியாது என்றாலும்கூட. குறை பாரதூரமானால் விற்பனையை முறித்துப் பணத்தைக் கேட்கலாம், இல்லையென்றால் விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கலாம். தெரிந்துகொண்டே மறைத்திருந்தால் நட்டஈடும் சேரும். உள்ளபடியே விற்கிறேன் என்ற வாசகம் உறுதியில் இருந்தாலும், தெரிந்து ஏமாற்றியவருக்கு அது கவசமாகாது. அமெரிக்காவின் புளோரிடா உயர் நீதிமன்றம் 1985 இல் இதே இடத்துக்கு வேறு வழியால் வந்து சேர்ந்தது. அந்த வழக்கும் ஒரு கூரை ஒழுக்கைப் பற்றியதுதான். விற்பவர் தெரிந்திருந்தும் சொல்லவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் வாங்கியவர் தானே பல கதவுகளை மூடிவிடுகிறார். பார்த்தால் தெரிந்திருக்கும் குறைக்கு வழக்கில்லை, ஆகவே பார்க்காமல் விட்டது நம் தலையில் விழும். விற்பவருக்குத் தெரிந்திருந்தது என்று நிறுவ எழுத்து எதுவும் இருக்காது. இன்னொன்று, முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்றால், ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா வரும். அதில் பாதியை மிச்சம் பிடிக்க ஐம்பது இலட்சம் என்று எழுதுகிறார்கள். பிறகு வழக்கென்று போனால், உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்தேன் என்று காட்டுவது பெரும்பாடு. சட்டத்துக்கு மாறான அந்த வேலையே உங்கள் கையைக் கட்டிவிடும். அதுபோல, முற்பணத்தை வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காணி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும் என்று அதே 1840 சட்டம் சொல்கிறது.

அந்த நொத்தாரிசு உடன்படிக்கைதான் வாங்குபவரின் நல்ல வாய்ப்பு. கட்டடத்தைப் பொறியியலாளர் பார்த்து அறிக்கை தந்த பிறகே விற்பனை நிறைவேறும், பாரதூரமான குறை கண்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லலாம். வெள்ளம் வந்ததா, சுனாமித் தண்ணீர் வந்ததா, கூரை ஒழுகியதா, குழி நிரம்பியதா என்ற கேள்விகளுக்கு விற்பவரின் பதிலை எழுதி ஒப்பம் வாங்கி இணைக்கலாம். ஒழுகவில்லை என்று எழுதிக் கொடுத்தவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. எழுத மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பொறியியலாளர் ஒருவரை அரை நாளுக்குக் கூட்டிவரும் செலவு, அந்த முத்திரை வரியோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. அப்படியிருந்தும் ஏன் செய்வதில்லை? எனக்குத் தெரிந்தவரை கூச்சம்தான். விற்பவர் அம்மாவோடு படித்தவர், கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்பவர், தூரத்துச் சொந்தம். "உறுதியைத் தாங்கோ, லோயரிட்டக் காட்டோணும்" என்று கேட்டால் யாரும் கோபிப்பதில்லை, அது ஊர் வழக்கம். "சீலிங்கைக் கழட்டிப் பார்க்கலாமோ அண்ணை?" என்றால் முகம் மாறுகிறது. நம்பிக்கையில்லையா என்ற கேள்வி நடுவில் வந்து நிற்கிறது. அதற்கு நான் கண்ட வழி, வெளிநாட்டு மச்சான் அறிக்கை கேட்கிறார் என்று சொல்லி, ஊருக்கு அந்நியமான ஒருவரை ஏணியோடு அனுப்புவது. பொய் சொல்ல வேண்டியதில்லை, மச்சானைக் கேட்கச் சொன்னால் போகிறது. நல்ல வீட்டை விற்கிறவர்கள் பலர் கூடவே ஏணி பிடிக்க வருவதையும் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா வீட்டுக்கு நேர் பின்வளவை ஒரு குடும்பம் வாட்ஸ்அப் வீடியோவிலேயே பார்த்து வாங்கியது. போன் பிடித்தவர் தரகர். வாசல், விறாந்தை, சாமி அறை, தென்னை, மாமரம் எல்லாம் வந்தது, கமரா மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. போனைத் தரகரிடம் கொடுக்காமல் உங்கள் சொந்தத்தில் ஒரு பொடியனிடம் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் அடித்தட்டைக் காட்டச் சொல்லுங்கள். கட்டிலையும் அலுமாரியையும் தள்ளி அதன் பின்சுவரைக் காட்டச் சொல்லுங்கள். குளியலறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி அது போகும் வரை கமராவை அசைக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் படலையைத் தாண்டி வந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அக்கா வீட்டில் இரண்டு வருடமாக வேலை நடக்கிறது. சுவர் ரைல்ஸைக் கழற்றி, அடிச்சுவரில் துண்டு துண்டாகக் கொத்தி ஈரத்தடுப்புப் படை போட்டு, பீலியை மாற்றி, குழியை மேட்டுப் பக்கம் புதிதாக வெட்டியாயிற்று. வளவுக்கு எட்டு லோட் மண் போட்டோம். நடு அறைக் கூரைத்தட்டு மட்டும் மிச்சம். ஐயா தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மாரிக்கு முன் அதைச் செய்துவிடச் சொல்லியிருக்கிறார்.